லேப் சாவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளின் கணினித் துறை ஆசிரியர்களுக்கும் லேப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம் சார், வணக்கம் மேடம்.

நான் காரிமங்கலத்துக்காரன். ஓசூரில் ஒரு சின்ன கம்பெனியில் பதினோரு வருடமாக நிரல் எழுதிப் பிழைக்கிறேன். போன மாதம் நம் இரண்டு மாவட்டங்களில் உள்ள ஒரு கல்லூரியில் இறுதியாண்டு மாணவர்களின் ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு வெளியாளாக என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். எந்தக் கல்லூரி என்று எழுதப் போவதில்லை. எழுதினால் அந்த ஒரு இடத்தின் குறையாகிவிடும். நான் படித்த இடத்திலும் இதே கதைதான் நடந்தது.

மூன்று பேர் கொண்ட ஒரு டீம். ராயக்கோட்டை, பாலக்கோடு மண்டிகளின் அன்றாடத் தக்காளி விலையைப் பதிந்து வைத்து வாரக்கணக்கில் காட்டும் ஒரு செயலி செய்திருந்தார்கள். நல்ல யோசனை. அவர்களில் ஒரு பெண்ணின் அப்பாவே தக்காளி போடுகிறவர், அதனால் மண்டி பற்றிக் கேட்ட கேள்விக்கெல்லாம் டக்கென்று பதில் வந்தது. ஆனால் மடிக்கணினியைத் திறந்து அந்தச் செயலியை ஓடவிட ஒன்பது நிமிடம் ஆனது. நான்கு ஜிபி ரேம் உள்ள மெஷினில், மூன்றே மூன்று டேபிளுக்காக, பெரிய நிறுவனங்கள் வைத்துக்கொள்ளும் ஒரு டேட்டாபேஸ் சர்வரை நிறுவியிருந்தார்கள், பக்கத்தில் யாரோ பென்டிரைவில் கொடுத்த கிராக் (காசு கட்டாமல் பூட்டை உடைத்த) எடிட்டர், அது போதாதென்று டெஸ்க்டாப்பில் 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஃபைனல் ஒரிஜினல்', 'மேடம் பார்த்தது' என்று நான்கு ஃபோல்டர்கள். இதில் எதும்மா ஓடுகிறது என்று கேட்டேன். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இந்த டூல்களையெல்லாம் யார் சொல்லி எடுத்தீர்கள் என்றதற்கு, "ஒரு லிஸ்ட்ல இருந்துச்சு சார்" என்று ஒரு பையன் போனை நீட்டினான். ஒவ்வொரு டெவலப்பரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய 75 டூல்கள், வாட்ஸ்அப்பில் வந்தது. எழுபத்தைந்தில் எத்தனை போட்டுப் பார்த்தாய் தம்பி என்றேன். "ஒண்ணு சார். அதுவும் இன்ஸ்டால் ஆகலை."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்த மாதிரி லிஸ்ட்டை நானே அனுப்பியிருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால், எங்கள் ஊர்ப் பையன்கள் குழுவில், ஏபிஐ, அதாவது ஒரு நிரல் இன்னொரு நிரலோடு பேசும் வழியைச் சோதிக்கும் ஒரு டூலை 'சூப்பரா இருக்கு, போடுங்க' என்று பெருமையாகப் பகிர்ந்தேன். நான் அதைத் திறந்து பார்த்தது மொத்தம் இருபது நிமிடம் இருக்கும், அதுவும் ஆபீஸ் மெஷினில், ஆபீஸ் இணையத்தில். ஒரு தம்பி அதில்தான் தன் ப்ராஜெக்ட்டின் எல்லா ரிக்வெஸ்ட்டையும் சேர்த்து வைத்தான். அடுத்த அப்டேட்டில் அது லாகின் கேட்க ஆரம்பித்தது. அவன் வீடு அஞ்செட்டிப் பக்கம், மலையில், சிக்னலுக்கு மேட்டுக்கு ஏறி நிற்க வேண்டிய இடம். மறுநாள் காலை வைவா. இரவு பத்து மணிக்கு அவன் போன் செய்தபோது என்னிடம் பதில் இல்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, "பரவால்லண்ணா, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றான்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வந்துவிட்டது. டூல் பெயரை யாராவது சொன்னால், நீங்கள் எந்த மெஷினில், எத்தனை நாள் வைத்திருந்தீர்கள், எங்கே காலை வாரியது என்று கேட்பேன். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அவர் அதைப் பயன்படுத்தவில்லை, படித்திருக்கிறார், அவ்வளவுதான்.

இது நம்ம ஊருக்குப் புது விஷயமா? பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி நாற்று வாங்கப் போகிறவர் கம்பெனிக்காரன் ஒட்டிய போஸ்டரைப் பார்த்தா வாங்குகிறார்? போன பட்டத்தில் அதே ரகத்தை நட்ட பக்கத்துத் தோட்டத்துக்காரரைத்தானே கேட்கிறார்: என்ன மண்ணு, எத்தனை தண்ணி, இலைச்சுருட்டை வந்துச்சா, மண்டிக்குப் போய்ச் சேர்றவரைக்கும் காய் தாங்குச்சா. சாப்ட்வேருக்கு மட்டும் ஏன் போஸ்டரை நம்புகிறோம்?

சரி, நான் கேட்க வந்தது பெரிய காரியம் இல்லை. ஒவ்வொரு லேபிலும் ஒரு நீளமான ரெக்கார்டு நோட்டு வைத்துவிடுங்கள். கையால் எழுதும் நோட்டு, கயிறு கட்டி மேஜையோடு தொங்கவிட்டாலும் சரி. ஒரு மாணவர் ஏதாவது ஓப்பன் சோர்ஸ் (மூல நிரலை யாரும் பார்த்து, மாற்றி, பகிர அனுமதி உள்ள) டூல் போட்டுப் பார்த்தால் அதில் எழுத வேண்டும்: என்ன தொல்லைக்காகத் தேடினேன், எந்த மெஷின், எத்தனை எம்பி டவுன்லோட், இணையம் இல்லாமல் ஓடுகிறதா, எங்கே மாட்டிக்கொண்டேன், எப்படி வெளியே வந்தேன். அடுத்த வருடம் வரும் ஜூனியர் அதைப் புரட்டுவான். மார்க் போட வேண்டாம். மார்க் போட்டால் எல்லாரும் காப்பி அடித்துவிடுவார்கள், நமக்குத் தெரியாததா.

முதல் சில பக்கங்களை நானே எழுதித் தருகிறேன்.

கிட், நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகப் பதிந்து வைக்கும் டூல். இதைச் சொல்லிக் கொடுக்கிறோமே என்பீர்கள். சொல்லிக் கொடுப்பது கிட்ஹப் என்ற, நிரல்களை இணையத்தில் வைக்கும் தளம், அதுவும் வெப்சைட்டில் போய் ஃபைலை இழுத்துவிடுவது. கிட்டுக்கு இணையமே வேண்டாம் என்பது நான் பார்த்த பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. முழு வரலாறும் அவரவர் ஹார்டு டிஸ்க்கிலேயே இருக்கும், மலைமேல் உட்கார்ந்து கமிட் போடலாம், அதாவது மாற்றத்தைப் பதியலாம். மூன்று பேர் டீமா? ஒரு பென்டிரைவில் 'பேர்' (bare) வகை ரெப்போ, அதாவது வரலாறு மட்டும் இருக்கும் கிட் கிடங்கு ஒன்றை உருவாக்கிவிட்டால் போதும், அந்தப் பென்டிரைவுதான் உங்கள் சர்வர். ஒருவர் அதில் புஷ் செய்து (தன் மாற்றங்களை ஏற்றி) அடுத்தவரிடம் கொடுத்தால் அவர் புல் செய்துகொள்வார் (தன் மெஷினுக்கு இறக்கிக்கொள்வார்). காலை வாரும் இடம்: 2022க்குப் பிறகு வந்த பதிப்புகளில், பென்டிரைவில் இருக்கும் ரெப்போவின் உரிமையாளர் யார் என்று சந்தேகப்பட்டு கிட் மறுத்துவிடும். பயப்பட வேண்டாம், எந்த வரியை அடித்தால் சரியாகும் என்று அந்தப் பிழைச் செய்தியிலேயே இருக்கும். பிழைச் செய்தியைப் படிக்காமல் மூடிவிடுவதுதான் நம் பிள்ளைகளுக்கு இருக்கும் ஒரே நோய் என்றுகூடச் சொல்வேன். பென்டிரைவ் தொலைந்தால் என்ன செய்வது என்று ஒரு மாணவி கேட்டாள், நல்ல கேள்வி. ஒவ்வொருவர் மெஷினிலும் முழு வரலாறும் இருக்கிறதே, புதுப் பென்டிரைவ் வாங்கினால் போதும்.

அடுத்தது எஸ்க்யூலைட். ரிச்சர்ட் ஹிப் என்பவர் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றுக்கான மென்பொருள் வேலையில் இருந்தபோது, டேட்டாபேஸ் சர்வர் விழுந்தால் தன் நிரலும் சேர்ந்து விழுகிற தொல்லை தாங்காமல், சர்வரே இல்லாத டேட்டாபேஸாக எழுதி 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது. மொத்த டேட்டாபேஸும் ஒரே ஃபைல். நிறுவ ஒன்றுமே இல்லை, பைத்தான் என்ற நிரல் மொழியைப் போட்டிருந்தால் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. உங்கள் மாணவர்களின் சட்டைப் பையில் இருக்கும் போனில் இப்போதே ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தத் தக்காளி விலைச் செயலிக்கு இதுவே தாராளம். ஒரே நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும் என்பது இதன் எல்லை. நூறு பேர் ஒரே நொடியில் எழுதும் வேலையென்றால் போஸ்ட்கிரெஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸ் சர்வர் பக்கம் போங்கள். மூன்று டேபிளுக்கு வேண்டாம்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்தது. இணையம் இல்லாத பிள்ளைக்கு ஆவணங்களை எப்படிக் கொடுப்பது? ஸீல் என்று ஒன்று, விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், பைத்தானுக்கோ ஜாவாஸ்கிரிப்ட்டுக்கோ உள்ள முழு ஆவணத்தையும் ஒரு தடவை இறக்கிவிட்டால் அப்புறம் சிக்னல் இல்லாமலே தேடலாம். அதைவிடப் பெரியது கிவிக்ஸ். விக்கிப்பீடியாவை, தமிழ் விக்கிப்பீடியா உட்பட, ஒரே ஃபைலாகச் சுருட்டித் தருகிறது. நிரலாளர்கள் சந்தேகம் கேட்கும் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் கேள்வி பதில்களுக்கும் அப்படி ஒரு ஃபைல் உண்டு, அது பல பத்து ஜிபி, போன் ஹாட்ஸ்பாட்டில் இறக்க நினைக்காதீர்கள். ஆனால் லேபில் ஒரு பழைய மெஷினில் அதைப் போட்டு, கிவிக்ஸோடு வரும் சர்வரை ஓடவிட்டால், லேபில் உள்ள எல்லா மெஷினிலிருந்தும் பிரவுசரில் திறக்கலாம், வெளி இணையம் செத்துக் கிடந்தாலும். மழைக்காலத்தில் கேபிள் போய் மூன்று நாள் லேப் சும்மா கிடந்ததாக ஒரு மேடம் என்னிடம் வருத்தப்பட்டார். அந்த மூன்று நாளுக்கு இது.

பாக்கியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பைத்தான் முதல் வருடத்துக்குத் தோனி போதும். கிரிக்கெட் தோனி இல்லை, எஸ்தோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் உருவான எடிட்டர், ஒவ்வொரு வரியும் ஓடும்போது எந்த மாறியில் என்ன மதிப்பு இருக்கிறது என்று காட்டும், நோஞ்சான் மெஷினிலும் மூச்சு வாங்காது. பெரிய ஃபோல்டரில் ஒரு வார்த்தையைத் தேட ரிப்கிரெப். மின்னல் வேகம், ஆனால் மறைந்திருக்கும் ஃபைல்களையும் கிட்டில் ஒதுக்கச் சொன்ன ஃபைல்களையும் தானாகவே தாண்டிப் போய்விடும், அது தெரியாமல் நான் அரை நாள் 'இல்லாத' ஒரு வரியைத் தேடினேன். டெர்மினல் கட்டளை மறந்து போகிறவர்களுக்கு டிஎல்டிஆர் பக்கங்கள், கட்டளைக்கு நாலு உதாரணம், அவ்வளவுதான்.

நான் எழுதிக் கொடுத்த பக்கங்களை விட, பிள்ளைகள் தாங்களாகத் தேடக் கற்றுக்கொள்வது முக்கியம் என்பது எனக்கும் தெரியும். அதற்கு முதலில் தொல்லை வேண்டும். 'நல்ல டூல் எது' என்று தேடினால் மறுபடி 75 டூல் லிஸ்ட்தான் வரும். 'நான்கு ஃபோல்டரில் எது கடைசி என்று தெரியவில்லை' என்று தொடங்கினால் கிட்டில் போய் நிற்பார்கள். லினக்ஸ் மெஷின் இருந்தால் அதன் பேக்கேஜ் பட்டியலிலேயே தேடச் சொல்லுங்கள். அங்கே இருக்கிற டூல் என்றால் அதை நிறுவும் பொறுப்பை யாரோ ஒருவர் ஏற்றிருக்கிறார் என்று அர்த்தம். அப்புறம் கிட்ஹப்பில் நட்சத்திரத்தை எண்ணாமல் 'இஷ்யூஸ்' பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். நட்சத்திரம் காசுக்குக் கிடைக்கிறது. புகார் சொன்னவனுக்கு ஆக்கியவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பது காசுக்குக் கிடைக்காது. கடைசி வெளியீடு எப்போது என்பதையும் பார்க்கலாம், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது, ஒரு சின்ன வேலையை ஒழுங்காகச் செய்து முடித்துவிட்ட டூல் இரண்டு வருடம் அமைதியாக இருந்தால் அது செத்துவிட்டது என்று இல்லை.

லைசென்ஸ் ஃபைல் இருக்கிறதா என்று பார்ப்பது மிக முக்கியம். நிரல் கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்காக அது ஓப்பன் சோர்ஸ் ஆகிவிடாது. லைசென்ஸே இல்லையென்றால் எடுத்துப் பயன்படுத்த நமக்கு அனுமதி இல்லை என்றுதான் பொருள். இதில் நுணுக்கங்களும் உண்டு. எல்லாரும் வைத்திருக்கும் விஎஸ் கோட் எடிட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள்: மூல நிரல் எம்ஐடி என்ற ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸில் இருக்கிறது, ஆனால் நாம் இறக்கிப் போடும் தயார் நிலைப் பதிப்பு மைக்ரோசாஃப்ட்டின் தனி லைசென்ஸில் வருகிறது. அதே மூலத்திலிருந்து சமூகத்தினர் கட்டித் தருவதுதான் விஎஸ்கோடியம். எது வேண்டுமானாலும் போடட்டும், வித்தியாசம் தெரிந்து போடட்டும்.

ஓப்பன் சோர்ஸ் என்றாலே பத்திரம் என்றும் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் கருவியில் பின்வாசல் ஒன்று, அதாவது திருட்டுத்தனமாக உள்ளே நுழைய வழி, அகப்பட்டது. அதை வைத்தவன் திடீரென்று வந்தவன் இல்லை, இரண்டு வருடத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக உதவி செய்து, தனியாளாக அதைப் பராமரித்துச் சோர்ந்து போயிருந்தவரின் நம்பிக்கையைப் பெற்று, பொறுப்புக்கு வந்து, பிறகு வைத்தான். கண்டுபிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் டெவலப்பர். தன் மெஷினில் எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து மெஷினுக்குள் நுழையும் வழி) லாகின் ஏன் வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக எடுக்கிறது என்று உறுத்தி, விடாமல் தோண்டினார். மூலம் திறந்திருந்ததால் தோண்ட முடிந்தது. இந்தக் கதையை ஒரு வகுப்பில் சொல்லிப் பாருங்கள், பாடப் புத்தகத்தின் பாதுகாப்பு அத்தியாயத்தைவிட நன்றாக ஏறும்.

அப்புறம் அந்தக் கிராக் பென்டிரைவ். லேபுக்கு லேப் அது சுற்றுகிறது, உங்களுக்கும் தெரியும். காசில்லாத பிள்ளை வேறு என்ன செய்யும் என்று நீங்கள் கண்டும் காணாமல் இருக்கிறீர்கள், அந்த இரக்கம் எனக்குப் புரிகிறது, நானும் அதில் வளர்ந்தவன்தான். ஆனால் கிராக்கோடு சேர்ந்து வந்த வைரஸ் என் மூன்றாம் வருட மினி ப்ராஜெக்ட்டைத் தின்றுவிட்டுப் போனது. 2011இல் தொடங்கி அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸோடு, மத்திய அரசு நிறுவனமான சிடாக்கின் பாஸ் (BOSS) லினக்ஸும் சேர்த்தே வந்தது. எங்கள் செட்டில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தோம்? யாரும் திறக்கச் சொல்லவும் இல்லை. வீட்டுக்குள்ளேயே கிணறு இருக்க, தெருக்குழாயில் திருட்டுத் தண்ணீர் பிடித்த கதை.

இலவசமாகக் கொடுக்கப்படுவது வேறு, யாரும் மாற்றவும் பகிரவும் உரிமை உள்ள கட்டற்ற மென்பொருள் வேறு என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை எழுதியவர்களே 2002 முதல், நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் பிட்கீப்பர் என்ற ஒரு தனியார் கருவியை இலவச அனுமதியில் பயன்படுத்தி வந்தார்கள். 2005இல் அந்த அனுமதி போய்விட்டது. அந்த ஏப்ரலில் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் உட்கார்ந்து எழுதத் தொடங்கியதுதான் கிட். அவர்களுக்கு ஒரு டோர்வால்ட்ஸ் இருந்தார். நம் அஞ்செட்டித் தம்பிக்கு வைவாவுக்கு முந்தின ராத்திரி நான்தான் இருந்தேன்.

கம்பெனிக்காரர்கள் கேட்கும் டூலைத்தானே சொல்லிக் கொடுக்க முடியும் என்று ப்ளேஸ்மெண்ட் பார்ப்பவர்கள் சொல்வார்கள். நானும் இண்டர்வியூ எடுக்கிறேன். ரெஸ்யூமில் இருபது டூல் பெயர் எழுதி வருகிறவரிடம் நான் கேட்பது, இதில் ஒன்றில் உங்களுக்குப் பிடிக்காதது என்ன என்று. பெரும்பாலானவர்கள் அதோடு முடிந்து போகிறார்கள். ஒரு தடவை ஊத்தங்கரையிலிருந்து வந்த பெண், எஸ்க்யூலைட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதப் போய் 'லாக்டு' என்று வந்ததையும் தான் அதை எப்படிச் சமாளித்தாள் என்பதையும் பத்து நிமிடம் சொன்னாள். இப்போது என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

சிலபஸில் நேரம் இல்லை என்பது உண்மைதான், அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் நோட்டு கேட்டேன், பாடம் கேட்கவில்லை.

பகிர்வது பற்றி எழுதும்போது இந்த ஊர்க்காரன் அதியமான் நெல்லிக்கனியை இழுத்தாக வேண்டும், ஆண்டு விழாவில் எத்தனை தடவை கேட்டிருப்போம், விட்டுவிடுகிறேன். அதற்குப் பதிலாக ஒரு வேலை சொல்கிறேன். அந்த டிஎல்டிஆர் பக்கங்களுக்குத் தமிழ்ப் பிரிவு உண்டு, ஆங்கிலத்தில் இருப்பதைப் பார்த்தால் தமிழில் இருப்பது கொஞ்சம்தான். ஒரு பக்கம் என்பது பத்துப் பதினைந்து வரி. ஒரு மாணவர் தான் தினம் அடிக்கும் கட்டளை ஒன்றுக்குத் தமிழ் விளக்கம் எழுதி அனுப்பினால், அது உண்மையான பங்களிப்பு. ஒரே ஒரு எச்சரிக்கை. 2020 அக்டோபரில், ஓப்பன் சோர்ஸுக்குப் பங்களித்தால் பரிசு தரும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்வின் டி-ஷர்ட்டுக்காக உலகம் முழுக்கப் பலர், நம் நாட்டிலிருந்தும் நிறையப் பேர், முன்னுரையில் ஒரு வார்த்தையை மாற்றிவிட்டுப் பங்களிப்பு என்று அனுப்பிக் குவித்தார்கள், பராமரிப்பவர்கள் நொந்து போய், போட்டி நடத்தியவர்கள் நடுவிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. எண்ணிக்கைக்கு மார்க் போட்டால் நம் லேபிலும் அதுதான் நடக்கும்.

என் பங்குக்கு: மாதம் ஒரு சனிக்கிழமை நான் வருகிறேன், காசு வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம். கிவிக்ஸ் ஃபைல்கள், ஸீல் ஆவணங்கள், இங்கே சொன்ன டூல்களின் நிறுவல் ஃபைல்கள் எல்லாம் ஒரு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி வைத்திருக்கிறேன், லேப் மெஷினில் காப்பி செய்துகொள்ளலாம். லேப் மெஷின்களில் மாணவர்கள் எதையும் நிறுவ முடியாதபடி பூட்டியிருப்பீர்கள், அது சரிதான், அதனால் இவற்றில் பலவற்றை நிறுவாமலே ஃபோல்டரிலிருந்து ஓடும் வடிவத்தில் எடுத்து வைத்திருக்கிறேன். ஓசூரில் காலை பஸ் ஏறினால் பத்து மணிக்குள் கிருஷ்ணகிரி, தருமபுரி என்றால் இன்னும் கொஞ்சம் கூட.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். போன தடவை சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கே லேபைப் பூட்டிவிட்டார்கள், பிள்ளைகள் வராண்டாவில் உட்கார்ந்து மடியில் கணினியை வைத்துக்கொண்டு கமிட் போட்டார்கள். பாதிப் பேருக்கு ஐந்து மணி பஸ்தான் கடைசி. நாலரை வரைக்கும் திறந்து வைக்க முடியுமா, சாவி அன்றைக்கு யாரிடம் இருக்கும், இதை மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
காரிமங்கலத்துக்காரன் ஒருவன், ஓசூரிலிருந்து